‘வரும்போது’ என்பதற்குள் ‘வில்’ இல்லை

சென்ற இதழில் ஆங்கிலத்தின் மோடல் துணைவினைகளைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகிய ஒன்பதும் தனி வாக்கியத்தில் நிற்கும்போது பெரிதாகத் தொல்லை தருவதில்லை. ‘வென்’, ‘இஃப்’, ‘தட்’ போன்ற சொற்களால் தொடங்கி வேறொரு வாக்கியத்தைச் சார்ந்து நிற்கும் தொடருக்குள் நுழைந்தால்தான் அவற்றின் போக்கு மாறுகிறது. இதைப் பற்றி வந்த கடிதங்களுள் வடசென்னைக் கடிதங்களே மிகுதி. துறைமுகத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களில் நாள்தோறும் ஆங்கிலக் கடிதம் எழுத வேண்டியிருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆங்கில வாக்கியங்களை வழக்கம்போல் நம் எழுத்திலேயே தந்திருக்கிறேன்; வாய்விட்டுப் படித்தால் காதுக்குப் பிடிபடும்.

*தண்டையார்பேட்டை வாசகி: நான் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். ‘வி வில் கிளியர் தி கன்டெய்னர் வென் தி டாக்குமென்ட்ஸ் வில் அரைவ்’ என்று வாடிக்கையாளருக்கு எழுதிய மின்னஞ்சலை அனுப்புமுன் மேலாளரிடம் காட்டினேன். அவர் இரண்டாவது ‘வில்’லை நீக்கச் சொன்னார், காரணம் கேட்டதற்கு ‘அப்படித்தான்’ என்றார். ஆவணங்கள் வரப்போவதும் எதிர்காலம்தானே?*

மேலாளர் சொன்ன திருத்தம் சரி. ‘அப்படித்தான்’ என்ற விளக்கம்தான் போதாது. ‘வி வில் கிளியர் தி கன்டெய்னர் வென் தி டாக்குமென்ட்ஸ் அரைவ்’ என்பதே முறையான வாக்கியம். வென், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், ஆஸ் சூன் ஆஸ் எனக் காலத்தைக் குறிக்கும் சொல்லோடு தொடங்கும் சார்புத் தொடரிலும், இஃப், அன்லெஸ் என நிபந்தனையைக் குறிக்கும் சொல்லோடு தொடங்கும் தொடரிலும், எதிர்காலத்தை மட்டும் குறிக்கும் ‘வில்’ இடம்பெறுவதில்லை.

‘வில்’ என்று ஒருவர் சொல்லும்போது, இது நடக்கும் என்று தம் பொறுப்பில் முன்கூட்டிச் சொல்கிறார். உங்கள் வாக்கியத்தில் நீங்கள் பொறுப்பேற்பது கன்டெய்னரை விடுவிப்பதற்குத்தான். ஆவணங்கள் வந்து சேரும் என்று நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அவை வந்து சேர்ந்ததாக வைத்துக்கொண்டு, அந்தக் கணத்திலிருந்து உங்கள் வேலையை எண்ணத் தொடங்குகிறீர்கள். முன்கூட்டிச் சொல்லாத இடத்தில் ‘வில்’லுக்கு வேலை இல்லை. எதிர்காலம் என்ற செய்தியை முதன்மைத் தொடரில் உள்ள ‘வில்’ ஒன்றே வாக்கியம் முழுவதற்கும் சுமந்துவிடுகிறது.

இதில் வியப்பு என்னவென்றால், தமிழும் இதையேதான் செய்கிறது. நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். ‘ஆவணங்கள் நாளை வந்த பிறகு கன்டெய்னரை விடுவிப்போம்’ என்கிறோம். ‘வந்த’ என்பது இறந்தகால வடிவம். ஆனால் அது நாளை நடக்கப்போவது. ‘வந்தவுடன்’, ‘வந்தால்’ ஆகியவற்றிலும் இறந்தகால வடிவமே இருக்கிறது. அவற்றைக் கேட்டு எவரும் ஏற்கெனவே வந்துவிட்டதாக எண்ணுவதில்லை. நன்னூலார்கூட நிபந்தனைப் பொருள் தரும் ‘செயின்’ என்னும் வாய்பாட்டை எதிர்கால வினையெச்சங்களோடுதான் சேர்த்து எண்ணினார்.

அப்படியானால் தமிழ் பேசும் நாம் ஏன் ‘வென் தி டாக்குமென்ட்ஸ் வில் அரைவ்’ என்று எழுதுகிறோம்? குற்றவாளி ‘வரும்போது’ என்னும் சொல். ‘ஆவணங்கள் நாளை வரும்’ என்பதில் உள்ள ‘வரும்’ எதிர்காலம் என்று பழகிய மனம், ‘வரும்போது’, ‘வரும்வரை’ என்பவற்றுக்குள்ளும் எதிர்காலம் இருப்பதாகக் கருதி, ஆங்கிலத்தில் ஒரு ‘வில்’லைச் சேர்த்துவிடுகிறது. உண்மையில் அங்கே எதிர்காலம் இல்லை. ‘நேற்று நான் வரும்போது எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன’ என்று தயக்கமில்லாமல் சொல்கிறோமே, நேற்றைய செய்திக்கு எதிர்காலம் எப்படிப் பொருந்தும்? ‘வரும்போது’ என்பதன் காலத்தை ‘நின்றன’ என்ற முற்றுவினைதான் முடிவுசெய்கிறது. இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால், இரண்டாவது ‘வில்’ தானாகவே கையிலிருந்து உதிர்ந்துவிடும்.

காசிமேட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ‘தடைக்காலம் முடியும்வரை படகுகள் துறைமுகத்திலேயே இருக்கும்’ என்பதை ஆங்கிலத்தில் ‘தி போட்ஸ் வில் ஸ்டே இன் ஹார்பர் அன்டில் தி பேன் எண்ட்ஸ்’ என்று எழுத வேண்டும். ‘அன்டில் தி பேன் வில் எண்ட்’ என்பது பிழை. முடிந்துவிட்ட நிலையை அழுத்திச் சொல்ல விரும்பினால் ‘அன்டில் தி பேன் ஹேஸ் எண்டட்’ எனலாம். அதுவும் ‘வில்’ இல்லாமல்தான்.

இந்த விதியை அளவுக்கு மீறி நீட்டிவிடக் கூடாது. தடை எதிர்காலத்தைக் குறிக்கும் ‘வில்’லுக்கும், அதன் பழைய உறவான ‘ஷல்’லுக்கும் மட்டுமே. ‘வென் யூ கேன் ப்ரொட்யூஸ் தி ஒரிஜினல் பில்’, ‘இஃப் யூ மஸ்ட் கோ’ ஆகியவை சரியான தொடர்கள். பலரும் எழுதும் ‘வென் யூ வில் பி ஏபிள் டு கம்’ என்பதைத் திருத்தினால் ‘வென் யூ கேன் கம்’ என்றாகும். காரணத்தைச் சொல்லும் ‘பிகாஸ்’ தொடருக்கும் இந்தத் தடை இல்லை. ‘கம் டுடே பிகாஸ் தி ஆஃபிஸ் வில் பி க்ளோஸ்ட் டுமாரோ’ என்பதில், நாளை அலுவலகம் மூடியிருக்கும் என்று நீங்கள் முன்கூட்டித்தான் சொல்கிறீர்கள். ஆகவே ‘வில்’ வருகிறது.

*ராயபுரம் வாசகர்: ‘இஃப்’ தொடரில் ‘வில்’ வராது என்று பள்ளியில் படித்தேன். ஆனால் ‘இஃப் யூ வில் வெயிட் ஹியர், ஐ வில் கால் தி ஆஃபிஸர்’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் ஆங்கிலம் நன்றாக அறிந்தவர். ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்’ என்றும் எங்கும் கேட்கிறோம். எது சரி?*

இரண்டும் சரி, ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு.

முதல் வாக்கியத்தில் உள்ள ‘வில்’ எதிர்காலத்தைக் குறிக்கவில்லை. மனம் இசைவதைக் குறிக்கிறது. ‘தாங்கள் இங்கே சற்றுக் காத்திருக்க இசைந்தால்’ என்ற பணிவு அதில் இருக்கிறது. ‘வில்’ என்ற சொல்லின் பழைய பொருளே விருப்பம்தான். உயிலை ஆங்கிலத்தில் ‘வில்’ என்று சொல்வதும் அந்தப் பொருளில்தான். இதே ‘வில்’லை அழுத்தி உச்சரித்தால் பிடிவாதத்தைக் குறிக்கும்: ‘இஃப் யூ வில் ஈட் பஜ்ஜி எவ்ரி ஈவ்னிங், யூ காண்ட் கம்ப்ளெயின் அபௌட் யுவர் ஸ்டமக்.’ ‘தின்றே தீருவேன் என்று நின்றால்’ என்று வீட்டில் சொல்வோமே, அந்தத் தொனி. மழை, கப்பல், ஆவணம் முதலியவற்றுக்கு மனம் இல்லை. எனவே ‘இஃப் இட் வில் ரெயின்’ என்று இந்தப் பொருளில் எழுத வழியில்லை. உயிருள்ளோருக்குக்கூட இசைவு என்ற பொருள் இல்லாத இடத்தில் இது பொருந்தாது. ‘இஃப் யூ வில் ஃபால் சிக்’ என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு. ‘இஃப் இட் வில் ஹெல்ப் யூ, ஐ வில் சைன் தி ஃபார்ம் டுடே’ என்பதில் உதவி என்பது கையெழுத்துக்குப் பின்னால் வரும் விளைவு. வழக்கமான நிபந்தனையில் ‘இஃப்’ தொடரில் உள்ளது முதலில் நடக்கும், மற்றது பிறகு நடக்கும். இங்கே வரிசை தலைகீழ். ‘உங்களுக்கு உதவுமென்றால்’ என்று தமிழிலும் ‘உதவினால்’ என்பதை விட்டுவிட்டு ‘உதவும் + என்றால்’ என முற்றுவினையை வைக்கிறோம். இப்படி ‘என்றால்’ சேர்த்துச் சொல்லத் தோன்றும் இடங்களில் ஆங்கில ‘வில்’ பல வேளைகளில் பொருந்தி வருவதைக் கண்டிருக்கிறேன். இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கைவிளக்காக வைத்துக்கொள்ளலாம்.

‘ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்’ என்பதில் உள்ள ‘இஃப்’ நிபந்தனையே அல்ல. ‘அவர் வருவாரா என்று தெரியவில்லை’ என்பதில் உள்ள வினாவைத்தான் அது சுமக்கிறது. ‘இஃப்’ இருக்கும் இடத்தில் ‘வெதர்’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அது வினாத்தொடர், அங்கே ‘வில்’ தாராளமாக வரும். ‘வென்’ என்ற சொல்லுக்கும் இந்த இரண்டு முகங்கள் உண்டு. ‘ஐ டோன்ட் நோ வென் ஹீ வில் கம், வென் ஹீ கம்ஸ், ஐ வில் டெல் யூ.’ முதல் ‘வென்’ தமிழில் ‘எப்போது வருவார் என்று’, இரண்டாவது ‘வரும்போது’. தமிழ் இரண்டுக்கும் வெவ்வேறு உருவம் கொடுத்துவிட்டதால், மொழிபெயர்த்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். இந்த இடத்தில் ஆங்கிலேயக் குழந்தையைவிட நாம் நற்பேறு உடையவர்கள்.

*வியாசர்பாடி கல்லூரி மாணவர்: அயற்கூற்றில் ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகிறது, ‘கேன்’ என்பது ‘குட்’ ஆகிறது, ‘மே’ என்பது ‘மைட்’ ஆகிறது. ‘மஸ்ட்’ மட்டும் ஏன் மாறாமல் நிற்கிறது? தேர்வில் நான் ‘ஹேட் டு’ என்று எழுதியதும் தவறாகிவிட்டது.*

வுட், குட், மைட், ஷுட் ஆகியவை பிறப்பிலேயே வில், கேன், மே, ஷல் ஆகியவற்றின் இறந்தகால வடிவங்கள். ‘ஹீ செட்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கினால், சார்புத் தொடரில் உள்ள துணைவினையும் ஒரு படி பின்னால் போகிறது. ‘தி ஷிப் வில் செயில் அட் சிக்ஸ்’ என்று கேப்டன் சொன்னதை நாம் பிறகு சொன்னால் ‘தி கேப்டன் செட் தட் தி ஷிப் வுட் செயில் அட் சிக்ஸ்’ ஆகிறது. ஏற்கெனவே பின்னால் நிற்கும் வுட், குட், மைட், ஷுட் ஆகியவற்றுக்கு மேலும் போக இடமில்லை. அவை அப்படியே நிற்கும்.

‘மஸ்ட்’டின் கதை சுவையானது. பழைய ஆங்கிலத்தில் ‘மோட்டன்’ என்றொரு வினை இருந்தது. அதன் இறந்தகால வடிவம் ‘மோஸ்தே’. காலப்போக்கில் நிகழ்கால வடிவம் வழக்கொழிந்துபோக, இறந்தகால வடிவம் மட்டும் எஞ்சி, நிகழ்காலப் பொருளை ஏற்று, ‘மஸ்ட்’ என்று நமக்கு வந்து சேர்ந்தது. தானே ஒரு பழைய இறந்தகாலமாக இருப்பதற்கு வேறோர் இறந்தகாலம் எங்கிருந்து வரும்?

உங்கள் விடைத்தாளைப் பொறுத்தவரை, எந்த வாக்கியம் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்தே தீர்ப்புச் சொல்ல முடியும். கட்டாயத்தைக் குறிக்கும் ‘மஸ்ட்’டை ‘ஹேட் டு’ என்று மாற்றலாம்: ‘ஹீ செட் தட் ஹீ ஹேட் டு லீவ்.’ இதில் மதிப்பெண் குறைத்திருந்தால், ஆசிரியரிடம் பணிவாகக் கேட்கலாம். ஆனால் ஊகத்தைக் குறிக்கும் ‘மஸ்ட்’ மாறாது. ‘ஷி மஸ்ட் பி இல்’ என்பது ‘அவளுக்கு உடல்நலம் சரியில்லை போலும்’ என்ற ஊகம். இதை ‘ஹீ செட் தட் ஷி ஹேட் டு பி இல்’ என்று எழுதினால், நோயாளியாக இருந்தாக வேண்டும் என்று யாரோ அவளுக்கு ஆணையிட்டதைப்போல் கேட்கும். ‘ஹீ செட் தட் ஷி மஸ்ட் பி இல்’ என்று விட்டுவிட வேண்டும்.

சொன்ன செய்தி இன்னும் நடக்கவேண்டியதாகவே இருந்தால், ‘ஹீ செட் தட் தி ரோட் வில் பி ஓப்பன் டுமாரோ’ என்று ‘வில்’லை மாற்றாமல் வைப்பதும் இன்றைய ஆங்கிலத்தில் ஏற்கப்பட்டதே. தேர்வுத்தாளில் மட்டும் ‘வுட்’ என்று எழுதிவிடுங்கள்.

*திருவொற்றியூர் வாசகி: என் மகனின் பாடத்தில் ‘வாக் ஃபாஸ்ட் லெஸ்ட் யூ ஷுட் மிஸ் தி ட்ரெயின்’ என்று வருகிறது. ‘ஷுட்’ கட்டாயமா?*

கட்டாயமில்லை. ‘லெஸ்ட் யூ மிஸ் தி ட்ரெயின்’ என்பதும் சரியே. தேர்வில் ‘ஷுட்’ எதிர்பார்க்கப்படுவதால் அதையே எழுதச் சொல்லுங்கள். ‘லெஸ்ட்’ என்பதற்குள்ளேயே எதிர்மறை இருப்பதால் ‘நாட்’ சேர்க்கக் கூடாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பேச்சில் யாரும் இதைப் பயன்படுத்துவதில்லை. ‘சோ தட் யூ டோன்ட் மிஸ் தி ட்ரெயின்’ என்றே சொல்கிறார்கள்.

*பெரம்பூர் வாசகர்: ‘தி கமிட்டி ரெக்கமெண்டட் தட் தி பெனால்டி பி வெய்வ்ட்’ என்று ஓர் அலுவலகக் குறிப்பில் படித்தேன். ‘ஷுட்’ விடுபட்டதாகக் கருதிச் சேர்த்துவிட்டேன். எழுதியவர் வருத்தப்படுகிறார்.*

அவர் வருத்தப்படுவது நியாயமே. ஆனால் நீங்கள் எழுதியதிலும் பிழை இல்லை. ரெக்கமெண்ட், சஜஸ்ட், டிமாண்ட், இன்சிஸ்ட் போன்ற வினைகளுக்குப் பின்னால் வரும் ‘தட்’ தொடரில், ‘ஷுட் பி வெய்வ்ட்’ என்று துணைவினையோடு எழுதலாம். ‘பி வெய்வ்ட்’ என்று வெறும் வினையடியையும் வைக்கலாம். அமெரிக்கர் பெரும்பாலும் இரண்டாவது வழியில் எழுதுகின்றனர். பிரிட்டனில் ‘ஷுட்’ அதிகம் புழங்கினாலும், இருபதாம் நூற்றாண்டில் மற்ற வழக்கும் அங்கே மீண்டும் தலையெடுத்தது. நம் அரசு அலுவலகங்களில் ‘இட் இஸ் ரெக்வெஸ்டட் தட் லீவ் மே கைண்ட்லி பி சாங்ஷண்ட்’ என்று மூன்றாவதாக ஒரு ‘மே’யும் வாழ்கிறது. அது பிழையன்று, கோப்புகளுக்கு வெளியே பழைமை வாசனை வீசும், அவ்வளவே.

இந்த வினைகளுள் ‘இன்சிஸ்ட்’ ஒன்றை மட்டும் உற்றுப் பார்க்க வேண்டும். ‘ஹீ இன்சிஸ்டட் தட் ஷி வாஸ் ப்ரெசென்ட்’ என்றால், அவள் அங்கே இருந்தாள் என்று அவர் அடித்துச் சொன்னார். ‘ஹீ இன்சிஸ்டட் தட் ஷி பி ப்ரெசென்ட்’ என்றால், அவள் வந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார். முன்னது சாட்சி, பின்னது கட்டளை. விசாரணை அறிக்கை ஒன்றில் இந்த ‘வாஸ்’, ‘பி’ இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை உங்களைப் போன்ற அலுவலக அனுபவம் உள்ளவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘ஷுட் பி ப்ரெசென்ட்’ என்று எழுதினால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. அந்த வகையில் என் வாக்கு ‘ஷுட்’டுக்குத்தான்.

*கொருக்குப்பேட்டை வாசகர்: ‘ஐ ஹோப் யூ வுட் ஹேவ் ரிசீவ்ட் மை லெட்டர்’ என்றே இருபது ஆண்டுகளாக எழுதிவருகிறேன். இது தவறு என்று என் மகள் சொல்கிறாள். மரியாதைக்கு ‘வுட்’ போடுவது தவறா?*

மகள் சொல்வதுதான் சரி. ‘கடிதம் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்’ என்ற தமிழ் வாக்கியத்தின் ‘கிடைத்திருக்கும்’ என்பதே ‘வுட் ஹேவ் ரிசீவ்ட்’ ஆக வேடம் போடுகிறது. தமிழ்ச் சொல்லில் இருப்பது ஊகம். அதற்கு ‘யூ வில் ஹேவ் ரிசீவ்ட்’ அல்லது ‘யூ மஸ்ட் ஹேவ் ரிசீவ்ட்’ என்பதே ஈடு. ‘வுட் ஹேவ்’ என்றாலோ, ‘கிடைத்திருக்கும், ஆனால் கிடைக்கவில்லை’ என்ற பொருள் நுழைந்துவிடும். ‘ஹோப்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஐ ஹோப் யூ ஹேவ் ரிசீவ்ட் மை லெட்டர்’ என்று எளிமையாக எழுதினால் போதும்.

‘வுட் யூ ப்ளீஸ் சைன்?’ என்று வினவும்போது ‘வுட்’ மரியாதை தருகிறது என்பது உண்மை. அந்த மரியாதையை எல்லா வாக்கியத்துக்கும் பூசிவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். ‘தி மினிஸ்டர் வுட் விசிட் தி சிட்டி டுமாரோ’ என்று நம் ஆங்கில நாளேடுகளிலேயே காணலாம். ‘ஹீ செட்’ போன்ற இறந்தகால முதன்மைத் தொடரோ, ஏதேனும் ஒரு நிபந்தனையோ பின்னால் இல்லாதபோது, அந்த ‘வுட்’ பிடிமானமின்றித் தொங்குகிறது. இதன் மறுபக்கமாக, நிபந்தனைத் தொடருக்குள்ளேயே அதை நுழைத்து ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று எழுதுவோரும் உண்டு. ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்’ என்று, ‘வுட்’டை முதன்மைத் தொடரில் மட்டும் வைக்க வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்காக வருந்த வேண்டாம். நானும் இதே ‘வுட்’டில் மாட்டியவன்தான். கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டெலக்ஸ் அனுப்பும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. செய்தியை முதலில் துளையிட்ட காகித நாடாவாக அடித்து வைத்துக்கொண்டு, இணைப்புக் கிடைத்ததும் அந்த நாடாவை இயந்திரத்தில் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. மரியாதையாக இருக்கட்டும் என்று ‘தி வெசல் வுட் அரைவ் ஆன் மண்டே’ என்று அடித்து வெளிநாட்டு முகவருக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் இயந்திரம் தானே தடதடக்கத் தொடங்கி, ஒரே ஒரு வரியைக் காகிதத்தில் அடித்துவிட்டு ஓய்ந்தது: ‘வுட் அரைவ் இஃப் வாட்?’ கப்பல் திங்கட்கிழமை வந்துவிடும், ஆனால் ஏதோ ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை இந்த ஆள் மறைக்கிறான் என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அந்தத் தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு தலைமை எழுத்தரிடம் போனேன். அவர் படித்துவிட்டுச் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பென்சிலால் ‘வுட்’டை அடித்து அதன் மேல் ‘வில்’ என்று எழுதி, ‘நாடாவைப் புதிதாக அடி’ என்றார்.